படுக்கையருகில் கைப்பேசி: வார்டுப் பயிற்சியும் நோயாளியின் சொல்லும்

ஆயாசம் என்னும் வடசொல் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவானது. தமிழில் அது களைப்பைக் குறிக்கும். கன்னடத்திலும் ஏறத்தாழ அதே பொருள்தான். தெலுங்கில், குறிப்பாக மருத்துவமனைப் பேச்சில், ஆயாசம் என்றால் மூச்சிரைப்பு. குண்டூரிலோ கர்நூலிலோ உள்ள ஓர் அரசு மருத்துவமனை வார்டில் முதியவர் ஒருவர் மூன்று நாள்களாக ஆயாசம் என்று சொல்லும்போது, இதயச் செயலிழப்பின் தொடக்க அறிகுறியை அவர் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். முதுநிலைப் படிப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அங்கே சென்ற மாணவருக்கு அந்தச் சொல் கேட்டவுடன் புரிந்துவிடும். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. புரியாத சொல்லாக இருந்திருந்தால் அவர் யாரிடமாவது கேட்டிருப்பார். புரிந்ததாகத் தோன்றிய சொல்லைப் பற்றி எவரும் கேட்பதில்லை. கேஸ் ஷீட்டில் களைப்புக்குரிய ஆங்கிலச் சொல் ஒன்று ஏறும். அதன்பின் அந்த ஏட்டைப் புரட்டும் உதவிப் பேராசிரியரோ, இரவுப் பணிக்கு வரும் மருத்துவரோ, ஆயாசம் என்று ஒரு சொல் சொல்லப்பட்டதையே அறியப்போவதில்லை.

மருத்துவ மாணவர்களின் வார்டுப் பயிற்சியில் கைப்பேசிக்கு இடம் உண்டா என்பது பற்றி இந்தியக் கல்லூரிகளில் நடக்கும் விவாதங்களில் இத்தகைய சொற்கள் வருவதே இல்லை. ஒரு தரப்பு கைப்பேசியைக் கவனச்சிதறல் என்கிறது. மறுதரப்பு அதைச் சட்டைப்பையில் அடங்கும் நூலகம் என்கிறது. இரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரு தரப்பும் கைப்பேசியை மருத்துவ அறிவு வந்து சேரும் வழியாக மட்டுமே காண்கின்றன. நோயாளியிடமிருந்து மாணவரை நோக்கி வரும் அறிவுக்கு, அதாவது நோயாளியின் பேச்சுக்கு, அந்தக் கருவி என்ன செய்ய இயலும் என்ற கேள்வி எழுப்பப்படவில்லை. இந்திய வார்டுகளில் கைப்பேசி ஆற்றக்கூடிய மிக அவசியமான பயிற்சிப்பணி இதுவே என்பதும், அதற்கு வேண்டிய முதலீடு பெரும்பாலும் பணமன்று, ஆசிரியரின் கவனம் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கைப்பேசி வார்டுக்குள் நுழைந்து பல ஆண்டுகளாகிவிட்டன. எவரும் அதை முறைப்படி அழைத்து வரவில்லை. குழந்தைகள் வார்டில் உடல் எடைக்கேற்ப மருந்தளவைக் கணக்கிடுவது அதில்தான். கண்மணியின் எதிர்வினையைச் சோதிக்கும் விளக்கும் அதுவே. நள்ளிரவில் பணியிலிருக்கும் ஹவுஸ் சர்ஜன் இசிஜி தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். வீட்டிலிருக்கும் மூத்தவர் இரண்டு வரியில் பதில் அனுப்புகிறார். ஒரு நல்ல வார்டுக் குழு பல வேளைகளில் பாடநூலைவிட நன்றாகக் கற்பிக்கிறது. 2020 மார்ச்சில் மாணவர்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டபோது படுக்கையருகுப் பாடங்களே காணொளியாக மாறின. இவ்வளவும் பாடத்திட்டத்துக்கு வெளியே, ஓரளவு கண்டுங்காணாமல் நடந்தவை. முறைப்படி அழைக்கப்பட்டபோது கைப்பேசிக்குக் கிடைத்த வேலையோ வேறு. 2025 மே முதல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் முக அடையாளம் வழியாக, ஆதார் இணைப்புள்ள செயலியில், வருகையைப் பதிய வேண்டுமெனத் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. பேராசிரியர் கல்லூரி வளாகத்துக்குள் இருந்தார் என்பதை அச்செயலி நிறுவும். அவர் பதினான்காம் எண் படுக்கையின் அருகில் நின்றாரா, நின்றவர் ஏதாவது கேட்டாரா என்பவை அதன் எல்லைக்குள் வருவன அல்ல. போலி ஆசிரியர் பட்டியல்களால் நொந்துபோன ஒரு துறையில் இந்த நடவடிக்கைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பயிற்சியில் கைப்பேசிக்கு ஆணையம் கண்ட முதன்மைப் பயன் இதுதானா என்ற வியப்பு மட்டும் எஞ்சுகிறது.

வெளிநாட்டு ஆய்வுகளை அப்படியே எடுத்தாளுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2010இல் சிகாகோ பல்கலைக்கழகம் உள்மருத்துவத் துறையின் பயிற்சி மருத்துவர்கள் அனைவருக்கும் ஐபேடு வழங்கியது. அதன் விளைவை ஆராய்ந்தவர்கள் அளந்தவற்றுள் முதன்மையானது, பரிசோதனைகளுக்கும் மருந்துகளுக்குமான ஆணைகள் முன்பைவிட விரைவாகப் பதிவாகின்றனவா என்பது. மின்னணு மருத்துவப் பதிவேடு முழுமையாக இயங்கும் மருத்துவமனையில் அது சரியான கேள்வி. அங்கே தடையாக இருந்தது கணினி இருக்குமிடத்துக்கு நடந்து செல்லும் நேரம். இந்திய மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் வார்டுகளில் ஆணைகள் இன்னும் பெரும்பாலும் கையால் எழுதப்படுகின்றன. தடையாக இருப்பது வேறொன்று. நோயாளி சொல்வதும் மாணவர் எழுதுவதும் இருவேறு மொழிகளில் நிகழ்கின்றன. சில நேரங்களில் மூன்று மொழிகளில்.

இதன் அளவைப் புரிந்துகொள்ள இடஒதுக்கீட்டு எண்களைப் பார்த்தால் போதும். மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் 15 விழுக்காடும் முதுநிலை இடங்களில் 50 விழுக்காடும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குரியவை. எய்ம்ஸ் நிறுவனங்களின் சேர்க்கை நாடு தழுவியது. முதுநிலை மருத்துவ இடங்களில் வசிப்பிடத்தை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர்களின் மாநிலம் கடந்த நகர்வு இனிக் கூடுமே தவிரக் குறைய வழியில்லை. நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு அது நல்லதென்று வாதிடலாம். திறமைக்கு நியாயம் என்றும் வாதிடலாம். வார்டில் அதன் பொருள் எளியது. ஜெய்ப்பூரிலிருந்து ஹூப்பள்ளிக்கும், கொல்லத்திலிருந்து குவாஹாட்டிக்கும், பாட்னாவிலிருந்து மதுரைக்கும் இருபத்தைந்து வயதுக்காரர்கள் வந்து சேர்ந்து, வந்த வாரமே இரவுப் பணியில் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுத வேண்டும்.

2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்பிபிஎஸ் பாடத்திட்டம் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. அதன் அடித்தளப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட 175 மணி நேரத்தில் 40 மணி நேரம் மொழித்திறனுக்கும் கணினித்திறனுக்கும் சேர்த்துத் தரப்பட்டது. இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்தவர்கள் இரண்டையும் இணைத்துக் கற்பிக்க எண்ணவில்லை என்பது ஒரு வேடிக்கை. மேலும் இந்த மணிநேரங்கள் வருவது கல்லூரியில் காலடி வைத்த முதல் மாதத்தில்; மாணவர் வார்டைக் காண்பது அதற்கு ஓராண்டுக்குப் பின். அதற்குள் 'உங்கள் பெயர் என்ன', 'பேருந்து நிலையம் எங்கே' போன்ற வாக்கியங்களும் மறந்துபோயிருக்கும். முதுநிலைக்கு வேறு மாநிலம் செல்பவருக்கு இந்தச் சிறு வாய்ப்பும் இல்லை.

மொழி தெரிந்த மாநிலத்திலேயே படித்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசும் மொழிகள் இந்தியாவில் 121. அவற்றுள் எட்டாம் அட்டவணையில் இருப்பவை 22. பீலி பேசுவோர் ஒரு கோடிக்கு மேல். கோண்டி பேசுவோர் முப்பது லட்சத்தை நெருங்குகின்றனர். இரண்டும் அட்டவணைக்கு வெளியே. ராய்ப்பூரில் இந்தி பேசி வளர்ந்த மாணவி பஸ்தரில் பயிற்சிக்குச் செல்லும்போது, அவரும் ஒருவகையில் வேற்று மாநிலத்தவரே. 2022 அக்டோபரில் போபாலில் முதலாண்டு உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் நூல்கள் இந்தியில் வெளியிடப்பட்டபோது எழுந்த ஆரவாரத்தையும் எதிர்ப்பையும் பலர் நினைவில் வைத்திருப்பர். ஆங்கிலக் கலைச்சொற்கள் பெரும்பாலும் தேவநாகரி எழுத்தில் அப்படியே பெயர்த்து வைக்கப்பட்டிருந்தன என்பதே அப்போது விவாதப் பொருளாயிற்று. பாடநூல் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது மதிப்புடைய கேள்விதான். 1822இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டு உள்நாட்டு மொழிகளில் மருத்துவம் கற்பித்த நிறுவனம் 1835இல் மூடப்பட்டு, ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரி அதன் இடத்தைப் பிடித்த நாள் முதல் அக்கேள்வி கேட்கப்படுகிறது; ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவில் மருத்துவம் கற்பித்து ஒரு விடையும் தந்து பார்த்தது. ஆயினும் இருநூறு ஆண்டு விவாதம் முழுவதும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான மொழியைப் பற்றியது. நோயாளி அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவே இல்லை. தூய இந்தியில் எழுதப்பட்ட உடலியங்கியல் நூலும் ஜாபுவா மாவட்டத்துப் பீல் பெண் தன் வலியை எந்தச் சொல்லால் சொல்வார் என்பதைக் கற்றுத் தராது.

நோய்வரலாறு எடுக்கக் கற்பிக்கும் பாடநூல்கள் அனைத்தும் ஒரு விதியை வலியுறுத்துகின்றன. நோயாளியின் முதன்மைக் குறையை அவருடைய சொந்தச் சொற்களிலேயே எழுத வேண்டும் என்பது அவ்விதி. இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கின்றனர். வாய்மொழித் தேர்வில் ஒப்பிக்கின்றனர். பின்பு வார்டுக்குச் சென்று, ஒரு சொல்கூட ஆங்கிலம் அறியாத நோயாளியின் 'சொந்தச் சொற்களை' ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். இதில் ஒரு முரண்பாடு இருப்பதாக எவரும் சுட்டுவதில்லை. மொழியியல் படித்த எவருக்கும் இது திகைப்பூட்டும். களப்பணியில் தரவாளர் சொன்னதை ஒலிபெயர்க்காமல், நேரே மொழிபெயர்ப்பை மட்டும் குறித்துக்கொண்டு வரும் மாணவரை எந்த மொழியியல் துறையும் தேர்ச்சி பெற விடாது. மூலம் இல்லாத மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க முடியாது என்பதே காரணம். மருத்துவக் கேஸ் ஷீட்டோ முழுக்க முழுக்க மூலம் தொலைந்த மொழிபெயர்ப்பு.

தொலைவது சிறு நுணுக்கங்கள் மட்டுமல்ல. இந்தி வழங்கும் பகுதிகளில் நோயாளிகள் மிகுதியாகப் பயன்படுத்தும் கப்ராஹட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். நெஞ்சு படபடப்பு, மூச்சுமுட்டல், குமட்டல் கலந்த அசௌகரியம், காரணமற்ற அச்சம் ஆகிய நான்கில் எதையும் அது குறிக்கலாம். நான்கையும் ஒருங்கே குறிக்கவும் கூடும். ஆங்கிலத்தில் பதற்றம் என்று எழுதினால் நோயாளி மனநலப் பிரிவுக்குச் செல்வார். படபடப்பு என்று எழுதினால் இசிஜி அறைக்குச் செல்வார். சக்கர் என்பது உலகம் சுழல்வதாகவும் இருக்கலாம், கண் இருண்டு விழப்போவதாகவும் இருக்கலாம். தமிழின் மயக்கமும் அப்படியே. கன்னடத்தில் சங்கட என்பது வயிற்றைப் பற்றிப் பேசும்போது குமட்டலையும் எரிச்சலையும் நெருங்கி வரும். மலையாளத்தில் சங்கடம் துயரம். தமிழில் அது இக்கட்டு. மங்களூரு வார்டில் இருக்கும் மலையாள மாணவி, வயிற்றுத் தொந்தரவைச் சொல்லும் நோயாளியை மனவருத்தம் உடையவராக எண்ணிவிடலாம்.

ஆங்கிலத்திலிருந்தே வந்த சொற்கள் இன்னும் ஏமாற்றுவன. பிபி இருக்கிறது என்றால் நாடெங்கும் உயர் ரத்த அழுத்தம் என்றுதான் பொருள். சுகர் என்றால் நீரிழிவு. இவை தீங்கற்றவை. கேஸ் என்ற சொல் அப்படியன்று. நெஞ்சின் நடுவில் ஏற்படும் அழுத்தத்தை வாயுத் தொல்லை என்று தாமே முடிவுசெய்து கேஸ் என்று சொல்லும் நோயாளியிடம், எங்கே, எவ்வளவு நேரமாக, நடந்தால் கூடுகிறதா, வியர்க்கிறதா என்று அடுத்த நான்கு கேள்விகளைக் கேட்காமல் ஆன்டாசிட் எழுதித் தரும் இளம் மருத்துவர் மாரடைப்பு ஒன்றைத் தவறவிடலாம். சொல் புரிந்ததும் கேள்வி நின்றுவிடுவதன் விளைவு அது.

கைப்பேசியின் வேலை இங்கே தெளிவாகிறது. வார்டுக்குத் தேவைப்படுவது மொழிபெயர்ப்புச் செயலியோ இருமொழி அகராதியோ அன்று. அகராதி ஒரு சொல்லுக்கு இணையான மற்றொரு சொல்லைத் தரும். வார்டில் அந்த இணைச்சொல்தான் ஆபத்து. தேவைப்படுவது, நோயாளி ஒரு சொல்லைச் சொன்னால் அடுத்து அவரிடம் எந்தக் கேள்வியை, உள்ளூர்ப் பேச்சில் எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத் தரும் ஒரு சிறு தொகுப்பு. கப்ராஹட் என்று தேடினால் பதற்றம் என்ற பொருள் வரக்கூடாது. 'நெஞ்சு வேகமாக அடிக்கிறதா, மூச்சு போதவில்லையா, வாந்தி வருவதுபோல் இருக்கிறதா, பயமாக இருக்கிறதா' என்ற நான்கு கேள்விகள், அந்த மாவட்டத்துப் பேச்சில், ஒலிவடிவில் வர வேண்டும். மாணவர் அதைக் கேட்டுப் பழகித் தம் வாயால் கேட்க வேண்டும். ஒரு துறைக்கு இருநூறு சொற்கள் இருந்தால் பெரும்பாலான நாள்களைக் கடத்திவிடலாம். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. இணையம் இன்றித் திறக்கும் ஒரு கோப்பும், இருபது வினாடி ஒலித்துண்டுகளும் போதும். எளிய குரல்வழி ஏற்பாடுகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 2010இல் சுப்ரான்சு சௌத்ரி சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவில், கோண்டி பேசுவோர் சாதாரணக் கைப்பேசியிலிருந்து ஓர் எண்ணை அழைத்துத் தம் செய்தியைத் தம் மொழியிலேயே பதிந்தனர். மற்றவர்கள் அழைத்துக் கேட்டனர். எழுத்தறிவும் திறன்பேசியும் அதற்குத் தேவைப்படவில்லை.

இத்தொகுப்பை யார் உருவாக்குவது? விடை வார்டிலேயே நின்றுகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் ஆங்கிலம் அறியாத நோயாளிக்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சட்டப்படி கடமைப்பட்டவை. இந்திய அரசு மருத்துவமனைகளில் அப்படியொரு பணியிடம் பொதுவாகக் கிடையாது. அந்த வேலையைச் செவிலியர்களும், வார்டு உதவியாளர்களும், துப்புரவுப் பணியாளர்களும், உள்ளூர்ச் சகமாணவர்களும் ஊதியமின்றியும் பெயரின்றியும் செய்கின்றனர். நோயாளியுடன் வந்த உறவினரும் செய்கிறார். அவர் செய்வது பெரும்பாலும் சுருக்கம். மாமியார் இரண்டு நிமிடம் பேசியதை மருமகன் 'காய்ச்சலாம்' என்று முடித்துவிடுவார். பெண்களின் வெள்ளைப்படுதல், கருக்கலைப்பு, வீட்டு வன்முறை ஆகியவை கணவர் மொழிபெயர்க்கும் வரலாற்றில் தென்படுவதே இல்லை. முப்பது ஆண்டுகள் ஒரே வார்டில் பணியாற்றிய செவிலியருக்கு அப்பகுதி நோயாளிகள் சொல்லும் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் என்ன நோய்கள் இருக்கக்கூடும் என்று தெரியும். அந்த அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர் ஓய்வுபெறும் நாளில் அது வார்டை விட்டு வெளியேறிவிடும். அவருடைய குரலில் அதைப் பதிந்து, தொகுப்பில் அவருடைய பெயரையும் இட்டு, அவரை அத்துறையின் மொழி ஆசிரியர் என்று ஏற்பதற்குக் கல்லூரியின் படிநிலை மனப்பான்மையைத் தவிர வேறு தடை எதுவும் தென்படவில்லை.

இயந்திர மொழிபெயர்ப்பு இவ்வளவு வளர்ந்துவிட்ட பிறகு இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மைய அரசின் பாஷிணி இயங்கிவருகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான திறந்த மாதிரிகளை வெளியிடுகிறது. இந்திய அறிவியல் நிறுவனமும் கூகுளும் இணைந்து நடத்தும் வாணி திட்டம் மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைத் திரட்டுகிறது. இவை பாராட்டத்தக்க முயற்சிகள். இத்துறையில் வேலை செய்வோர் பலருக்கு இவையே நம்பிக்கை. ஆயினும் மருத்துவ வார்டு இவற்றுக்கு மிகக் கடினமான களம். நோயாளி பல்லின்றியோ, மூச்சிரைத்தபடியோ, முனகலாகவோ, பக்கத்துப் படுக்கையின் இரைச்சலுக்கு நடுவிலோ பேசுகிறார். அதைவிடப் பெரிய சிக்கல், இயந்திரத்தின் சரளம். தடுமாறிப் பேசும் மாணவரைக் கண்டால் நோயாளி மறுபடி விளக்குவார். மாணவரும் மறுபடி கேட்பார். அந்தத் தடுமாற்றத்தில் பிழை பிடிபட்டுவிடும். சரளமான வாக்கியம் திரையில் தோன்றினால் இருவரும் அதை நம்பிவிடுவர். பிழையான மொழிபெயர்ப்புக்கும் சரியானதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இராது. முக்கியமான மருத்துவ ஆவணங்களை இயந்திரம் மொழிபெயர்த்தால் தகுதியுள்ள மனிதர் ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று அமெரிக்கா 2024இல் விதி வகுத்தது இதனால்தான். நள்ளிரவில் வேறு வழியே இல்லாதபோது இயந்திரத்தை நாடுவதில் பிழையில்லை. அதைப் பயிற்சி என்று அழைப்பதுதான் பிழை. மூன்றாண்டு முதுநிலைப் படிப்பை இயந்திரத்தின் துணையோடு முடித்தவர், முதல் நாள் இருந்த அளவுக்கே உள்ளூர் மொழியில் ஊமையாக வெளியேறுவார்.

கைப்பேசிக்கு இன்னொரு பயன் உண்டு. அது கேட்பதைப் பற்றியது. 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கியபின் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். தொடக்கப் பேச்சை முழுமையாகச் சொல்லி முடிக்க முடிந்தது 17 சந்திப்புகளில் மட்டுமே. அந்த ஆய்வுக்கு ஒலிப்பதிவுக் கருவியும் நாடா உருளைகளும் தேவைப்பட்டன. இன்று ஒவ்வொரு மாணவரின் பையிலும் அக்கருவி இருக்கிறது. ஒரு மாணவர், நோயாளியின் இசைவோடு, ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது தம் உரையாடலைப் பதிந்து, ஆசிரியருடன் அமர்ந்து கேட்டால், தாம் எங்கே குறுக்கிட்டோம், எந்தச் சொல்லைப் புரிந்ததாக எண்ணிக் கடந்துபோனோம் என்பது எவரும் சொல்லாமலே தெரிந்துவிடும். 2017இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்த, பல நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு, முதல்நிலை மருத்துவச் சந்திப்பின் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி என்று கணக்கிட்டது. இந்தியாவுக்கு ஏறத்தாழ 2 நிமிடம். இந்த நெரிசலில் கேட்கக் கற்பது ஆடம்பரம் என்று சிலர் நினைக்கக்கூடும். இரண்டே நிமிடம் இருக்கும்போதுதான் முதல் சொல்லைத் தவறாகக் கேட்பதன் விலை மிகுதி.

இங்கே தயங்கி நிற்க வேண்டிய இடமும் வருகிறது. இசைவு என்ற சொல் அரசு மருத்துவமனை வார்டில் எளிதான சொல் அன்று. கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் கூலித்தொழிலாளி, வெள்ளைக் கோட்டு அணிந்தவர் 'பதிவு செய்துகொள்ளட்டுமா' என்று கேட்டால் மறுப்பாரா? மறுத்தால் மருந்து கிடைக்காது என்று அவர் அஞ்சமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? அந்தக் கேள்வியே அவருக்குப் புரியாத மொழியில் கேட்கப்பட்டிருந்தால்? நோயாளியை அடையாளம் காணும் வகையில் அவருடைய படத்தையோ விவரத்தையோ இசைவின்றி வெளியிடக் கூடாதென்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. 2023இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மருத்துவர்களின் சமூக ஊடக நடத்தையையும் உள்ளடக்கிய புதிய ஒழுங்குமுறையை ஆணையம் வெளியிட்டு, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்தது. இவற்றுக்கிடையில் வார்டு வாட்ஸ்அப் குழுக்களில் பெயர் எழுதிய எக்ஸ்ரேக்களும் முகம் தெரியும் காயங்களும் நாள்தோறும் பயணிக்கின்றன. பட்டம் பெற்று வெளியேறியவர்களின் கைப்பேசிகளிலும் அவை தங்கிவிடுகின்றன.

ஆகவே சொல்தொகுப்பில் நோயாளியின் குரல் இருக்கக் கூடாது என்பது முதல் விதியாக வேண்டும். நோயாளி சொன்ன சொல் வேண்டும். சொன்னவர் யார் என்பது வேண்டியதில்லை. செவிலியரோ மாணவரோ அதைத் தம் குரலில் மறுபடி பதியலாம். உரையாடல் பதிவுகள் கல்லூரியின் கருவியில் பதியப்பட்டு, கலந்துரையாடல் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். மறுப்பதற்கு உண்மையிலேயே இடமிருக்கும் வகையில், அந்த நோயாளிக்குச் சிகிச்சை அளிக்காத ஒருவர் இசைவு கேட்பது நல்லது. இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் நடைமுறையில் ஒன்றும் நடக்காது என்பார் இருப்பர். அவர்களுக்கு மாற்று ஒன்று உண்டு: நோயாளியைப் பதியாமல், மாணவர் தாம் கேட்ட வரலாற்றை உள்ளூர் மொழியில் நோயாளியிடமே திருப்பிச் சொல்வதை மட்டும் பதியலாம். அதில் இருப்பது மாணவரின் குரல் மட்டுமே. பெயரையும் ஊரையும் சொல்லாமல் விட்டால் போதும். பிழையைத் திருத்தும் உரிமையும் நோயாளியிடமே இருக்கும். பயிற்சி என்ற அளவில் இதுவே சிறந்ததாகவும் இருக்கலாம்.

கைப்பேசி நோயாளிக்கும் மாணவருக்கும் இடையில் ஒரு சுவராகிவிடும் என்ற குறையில் உண்மை உண்டு. திரையைப் பார்த்து நிற்கும் இளம் மருத்துவரைக் காணும் நோயாளி, அவர் மருந்தளவு பார்க்கிறாரா படம் பார்க்கிறாரா என்று அறியமுடியாது. 'இந்த மருந்து உங்கள் வயதுக்கு எவ்வளவு என்று பார்க்கிறேன்' என்று அவர் மொழியில் ஒரு வரி சொன்னால் ஐயம் தீர்ந்துவிடும். அந்த ஒரு வரியும் தொகுப்பில் இடம்பெற வேண்டியதே. கைகளைப் போலவே கைப்பேசியும் கிருமிகளைச் சுமக்கும் என்பது பலமுறை நிறுவப்பட்டதால், படுக்கைக்குப் படுக்கை அதைத் துடைப்பதும் வேண்டும்.

இவையெல்லாம் நடந்தாலும் மாணவர் ஏன் இதில் நேரம் செலவிட வேண்டும் என்பதுதான் கடைசியில் எஞ்சும் கேள்வி. வார்டில் நிற்கும் இறுதியாண்டு மாணவரின் கைப்பேசியில் பெரும்பாலும் திறந்திருப்பது நீட் முதுநிலைத் தேர்வுக்கான வினாவங்கிச் செயலி. அதற்காக அவரைக் குறைகூறுவது அநியாயம். அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அந்தத் தேர்வு. அதில் நான்கு விடைகளும் ஆங்கிலத்தில் இருக்கும். நோயாளி எப்போதும் நல்ல ஆங்கிலத்தில் தம் அறிகுறிகளை வரிசையாகச் சொல்லியிருப்பார். இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வின் லாங் கேஸ் மட்டுமே மாணவர் உண்மையான நோயாளியுடன் அமர்ந்து பேசி வரலாறு எடுப்பதைச் சோதிக்கிறது. அங்கேயும் வேற்றுமொழி மாணவருக்குப் பக்கத்தில் நின்று முணுமுணுத்து உதவ ஒருவர் கிடைத்துவிடுகிறார். அதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பல வேளைகளில் வேறு மாநிலத்தவர். நோயாளியின் மொழி அவருக்கும் தெரியாது. அவர் மாணவரின் ஆங்கிலத் தாளைப் படிக்கிறார்; ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறார்; மதிப்பெண் இடுகிறார். நோயாளி கட்டிலில் அமர்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேஸ் ஷீட்டின் முதல் வரியில், நோயாளி சொன்ன சொல்லை அவருடைய மொழியில், மாணவருக்குத் தெரிந்த எந்த எழுத்திலாவது எழுதி, அச்சொல்லைக் கேட்டபின் மாணவர் என்னென்ன கேட்டார் என்பதை அதன் கீழே குறிக்கச் சொன்னால், தேர்வாளருக்கு மொழி தெரியாவிட்டாலும் விசாரிக்க ஓர் இடம் கிடைத்துவிடும். லாங் கேஸில் அதற்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால், சொல்தொகுப்பு எல்லா மாணவர்களின் கைப்பேசியிலும் ஒரே பருவத்தில் ஏறிவிடும். மதிப்பெண் ஒதுக்கப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக்குழு கூட வேண்டும். முதல் வரியை மாற்றுவதற்கு அதுவும் தேவையில்லை; துறைத்தலைவரின் ஒரு சுற்றறிக்கை போதும்.